சிட்னிப் பாலத்தில் ஏறினோம்

பாலம் என்பது கடப்பதற்காகக் கட்டப்படுவது. ஏறுவதற்கென்று எவரும் பாலம் கட்டுவதில்லை. ஆயினும் ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரில் ஒரு பாலம் இருக்கிறது. நடந்து கடப்பவரிடம் அது ஒன்றும் கேட்பதில்லை. தென்திசை நோக்கி வண்டியில் கடப்பவரிடம் சுங்கம் வாங்குகிறது. தன் தலைமேல் ஏற விரும்புவோரிடம் மட்டும் பெருந்தொகை வசூலிக்கிறது. அவ்விதம் ஏறி இறங்க ஒருவருக்கு ஆகும் கட்டணத்தை நம் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்தால், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாத மளிகைக் கணக்கை அது விழுங்கிவிடும். இது வீண்விரயத்தில் சேருமா, சேராதா என்று மகள் வீட்டில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது. தீர்ப்பு வருமுன்பே எம் மகள் இரண்டு சீட்டுகளுக்குப் பணம் கட்டிவிட்டாள். கட்டிய பிறகு ஏறாமலிருப்பதே வீண்விரயம் என்று நாம் கட்சி மாறினோம்.

எம் மகள் அங்கே பழைய பாலங்களைச் சோதித்துப் பார்க்கும் பொறியாளர் குழுவில் ஒருத்தி. சிட்னியில் அவளுக்கு இது ஆறாம் ஆண்டு. நாமும் துணைவியாரும் சென்ற ஆண்டு அக்டோபரில் அங்கே சென்றது அவளைக் காணும் ஆவலால் மட்டுமன்று. ஊரில் ஒரு நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை படித்தவர், தொழுகையாளி, குடும்பமோ சொன்ன சொல்லைக் காக்கும் குடும்பம். பெண்ணின் படிப்பையும் பண்பையும் மனமாரப் புகழ்ந்த அவர்கள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள்: நிக்காஹுக்குப் பின் வேலை வேண்டாம், பெண் ஊரோடு வந்துவிட வேண்டும். பயணம் முடிவதற்குள் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டு விமானம் ஏறினோம். மகளுக்கும் செய்தி தெரியும். தெரிந்தும், நாம் போய் இறங்கிய பத்து நாள்களில் அவள் அதுபற்றி வாய் திறக்கவில்லை; நாமும் கேட்கவில்லை. துணைவியார் மட்டும் அடுப்படியிலிருந்து நமக்குக் கேட்கும்படி பெருமூச்சு விடுவார். முழங்கால் வலியைச் சொல்லிப் பாலத்துக்கு வர மறுத்துவிட்ட அவர், “வாப்பாவும் மகளும் போய் வாருங்கள். பேசவேண்டியதைப் பேசிவிட்டு வாருங்கள்” என்று வழியனுப்பி வைத்தார்.

பாலத்தின் தென்கரையில் ‘ராக்ஸ்’ என்று ஒரு பழம்பகுதி. அங்கே கம்பர்லாந்து தெருவில், பாலத்தின் அடிவாரத்திலேயே ஏறுவோர்க்கான கூடம் அமைந்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இந்த ஏற்றம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பால் கேவ் என்ற வணிகர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அரசுத் துறைகளோடு வாதாடிப் பெற்ற அனுமதி அது. அதிகாரிகள் எழுப்பிய ஐயங்கள் எல்லாவற்றுக்கும் விடையாக அமைந்தவையே இன்று நடக்கும் சோதனைகளும் சடங்குகளும் என்று தோன்றுகிறது.

முதற்சோதனை, மூச்சுச் சோதனை. ஒரு சிறு கருவியின் முன்னே ஊதச் சொன்னார்கள். மது அருந்தியவரைப் பாலத்தில் ஏற்றுவதில்லை. அறுபத்து மூன்று ஆண்டு வாழ்வில் இப்படியொரு தேர்வை நாம் எழுதியதில்லை. தேறிவிட்டோம். பின்னர்ச் சாம்பல் நிற முழு உடை ஒன்றைத் தந்து, நம் உடைக்கு மேலே அணியச் சொன்னார்கள். கைக்கடிகாரம், சில்லறை, தொலைபேசி, சாவி எல்லாம் பெட்டகத்துக்குள் போயின. கையிலிருந்து நழுவும் ஒரு சிறு நாணயமும் கீழே ஓடும் வண்டிக்கோ, அதற்கும் கீழே போகும் படகுக்கோ எமனாகிவிடும் அல்லவா? மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் பிணைத்தார்கள். கைக்குட்டையும் மணிக்கட்டோடு கட்டப்பட்டது. மகள் தன் தலைத்துணியின் முனைகளை உடையின் கழுத்துக்குள் செருகி, அதன்மேல் அவர்கள் தந்த தொப்பியை வைத்துக்கொண்டாள். இறுதியாக இடுப்பில் ஒரு வார். அந்த வாரிலிருந்து ஒரு கொக்கி. புறப்படும் இடத்திலிருந்து திரும்பி வரும் இடம்வரை நீண்டு செல்லும் எஃகு வடத்தில் அக்கொக்கியை மாட்டிவிட்டால், பயணம் முடியும்வரை கழற்ற முடியாது. வடத்தைத் தாங்கும் கால்களை ஒவ்வொன்றாகத் தாண்டி அது நம்மோடு வழுக்கிக்கொண்டே வரும். ஒட்டகத்தைக் கட்டிவைத்த பிறகே தவக்குல் என்று சிறுவயதில் மதரஸாவில் கேட்ட பாடம் நினைவுக்கு வந்தது. பிஸ்மி சொல்லிக் கொக்கியை மாட்டினோம்.

இதில் நாம் முன்பே எண்ணிப் பாராத ஒன்று இருந்தது. வடத்தில் மாட்டிய வரிசையை இடையில் மாற்ற முடியாது. முன்னே செல்பவரைத் தாண்ட வழியில்லை. பின்னே வருபவரோடு இடம் மாறவும் வழியில்லை. மகள் முன்னே, நாம் பின்னே. மூன்று மணி நேரத்துக்கு மேல் அவள் முதுகைப் பார்த்தபடியே நடந்தோம். காதருகே பொருத்திய கருவியில் வழிகாட்டி இளைஞரின் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. பேசவேண்டியதைப் பேச இதைவிடத் தகாத இடம் உலகில் இராது!

முதலில் சாலைக்குக் கீழே, இரும்புச் சட்டங்களின் நடுவே குறுகலான நடைபாதை. குடியிருப்புகளின் கூரைகளுக்கு மேலே அது செல்கிறது. இந்தப் பாலத்துக்காக ராக்ஸ் பகுதியிலும் எதிர்க்கரையிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. வாடகைக்கு இருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. பெரும்பணி எதுவாயினும் அதன் அடியில் சில எளியவர்களின் அடுப்பு அவிந்துதான் கிடக்கிறது.

அடுத்து வருபவை கோபுரங்கள். பாலத்தின் இரு கரைகளிலும் 89 மீட்டர் உயரத்தில் இரண்டிரண்டாக நிற்கும் கல் தூண்களைப் படங்களில் கண்டிருப்பீர்கள். பாலத்தின் பாரத்தை அவையே சுமக்கின்றன என்றுதான் எவரும் நினைப்பர். உண்மையில் மேலே உயர்ந்து நிற்கும் பகுதி எதையும் சுமப்பதில்லை. பார்ப்பவர் மனத்துக்குத் தெம்பூட்டவும் அழகுக்காகவும் எழுப்பியவை அவை. முந்நூறு கிலோமீட்டர் தெற்கே மொருயா என்னும் ஊரில் வெட்டிய கருங்கல்லை அவற்றுக்குப் போர்த்தியிருக்கிறார்கள். பாரம் முழுவதையும் தாங்குபவை, வளைவின் காலடியில் ஒதுங்கியிருக்கும் நான்கு கீல்கள். வெயில் ஏறினால் இரும்பு விரியும். கடும் வெப்ப நாளில் வளைவின் உச்சி 18 சென்டிமீட்டர் வரை மேலெழும். அந்த அசைவுக்கு இடம் கொடுப்பவை இக்கீல்களே. “ஊர் முழுதும் கோபுரத்தைப் பார்க்கிறது, வாப்பா. எங்களுடைய வேலை கீலைப் பார்ப்பது” என்று, ஏணியடியில் சற்று நின்றபோது மகள் திரும்பிச் சொன்னாள். இதே பாலத்தை அவள் சோதிப்பதில்லை. ஆனால் எல்லாப் பாலத்திலும் அவளுக்கு வேலை அதுதான்.

ஏணிகள் செங்குத்தானவை. இரு பக்கமும் ஊர்திகள் இரைந்து ஓட, அவற்றின் நடுவே தலையை நீட்டி மேலேறுகிறோம். உடல் நடுங்கியது இந்த இடத்தில்தான்; உச்சியில் அல்ல. ஏணி முடிந்து வளைவின் முதுகில் கால் வைத்த பிறகு, படிகள் சரிவாக, அகலமாக, பள்ளிவாசல் மாடிப்படியைப் போலவே இருந்தன. மொத்தம் 1332 படிகள் என்கிறார்கள். எண்ணிப் பார்க்க நமக்குத் தெம்பில்லை.

படி ஏறுகையில் கண்ணில் படுபவை ரிவெட் ஆணிகள். வரிசை வரிசையாக, சாம்பல் வண்ணம் பூசிய மொட்டுகளைப் போல, எங்கு நோக்கினும் ஆணிகள். ஏறத்தாழ அறுபது இலட்சம் ஆணிகள். அவற்றுள் பெரியவை மூன்றரைக் கிலோ எடை. உலையில் ஒருவன் ஆணியைச் செக்கச்சிவக்கக் காய்ச்சுவான். இடுக்கியால் எடுத்து வானத்திலே வீசுவான். இன்னொருவன் வாளியில் அதைப் பிடிப்பான். மற்ற இருவர் அதைத் துளையில் செருகி அடித்து இறுக்குவார்கள். நம் இடுப்பில் இருந்த வாரும் கொக்கியும் அவர்கள் இடுப்பில் இல்லை. எஃகு முழுவதும் 52,800 டன். அதில் ஐந்தில் நான்கு பங்கு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. மிடில்ஸ்பரோ நகரத்து டோர்மன் லாங் நிறுவனம் ஒப்பந்தம் எடுத்திருந்தது.

1923-இல் தொடங்கிய பணி 1932 மார்ச் 19 அன்று திறப்பு விழாவில் முடிந்தது. இடையில் உலகப் பொருளாதாரப் பெருவீழ்ச்சி வந்து, ஊரெல்லாம் வேலையின்றித் திரிந்தபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இந்தப் பணியே சோறு போட்டது. அக்காலத்து மக்கள் இதற்கு ‘இரும்பு நுரையீரல்’ என்று பெயரிட்டார்களாம். பணியில் உயிர் நீத்தோர் பதினாறு பேர். பாலத்திலிருந்து விழுந்து மாண்டவர் அவர்களில் சிலரே. மற்றையோர் பட்டறைகளிலும் பிற வேலைகளிலும் மடிந்தார்கள். 1930-இல் வின்சென்ட் கெல்லி என்ற தொழிலாளி மேலிருந்து நேரே கடலில் விழுந்து, விலா எலும்புகள் முறிந்ததோடு உயிர் தப்பினார். சில வாரங்களில் மீண்டும் வேலைக்கு வந்துவிட்டார். அவருடைய கதையைச் சொல்லும்போது வழிகாட்டியின் குரலில் ஓர் உற்சாகம். அந்தப் பதினாறு பேரைப் பற்றி அவரும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

உச்சிக்கு வந்தோம். கடல் மட்டத்திலிருந்து 134 மீட்டர். காற்று காதை அறைகிறது. கிழக்கே இசை நாடக மன்றத்தின் வெண்கூரைகள் கவிழ்த்த சிப்பிகளாகத் தெரிகின்றன. அவற்றுக்கு அப்பால் துறைமுகம் வளைந்து வளைந்து பசிபிக் பெருங்கடலை நோக்கிப் போகிறது. மேற்கே மங்கலாய் நீலமலை. வடகரையின் அடியில் கேளிக்கைப் பூங்கா ஒன்று. பாலத்தின் எஃகை வெட்டிப் பொருத்திய பட்டறைகள் அன்று அந்த இடத்தில்தான் இருந்தன. தலைக்கு மேலே இரண்டு கொடிகள். ஒன்று ஆஸ்திரேலிய நாட்டினுடையது. மற்றொன்று கறுப்பும் சிவப்பும் நடுவே மஞ்சள் வட்டமும் கொண்ட, அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் கொடி. அதற்கு அங்கே நிலையான இடம் கிடைத்தது 2022-இல்தான். பாலம் எழுந்து தொண்ணூறு ஆண்டுகள் கழித்து!

இந்த உச்சியில்தான் இரண்டு அரை வளைவுகளும் சந்தித்தன. கீழே ஆழ்கடல்; முட்டுக் கொடுத்துக் கட்ட இயலாது. ஆகவே இரு கரைகளிலிருந்தும் அரை வளைவுகளை அந்தரத்தில் நீட்டிக்கொண்டே வந்தார்கள். அவை கவிழாதபடி, பக்கத்துக்கு 128 எஃகு வடங்கள், கரைப் பாறையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே வளைந்து சென்று பின்னால் இழுத்துப் பிடித்திருந்தன. நடுவிலே ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி எஞ்சியபோது வடங்களைச் சிறுகச் சிறுகத் தளர்த்தத் தொடங்கினார்கள். பலத்த காற்று அடித்த நாள்களும் அவற்றில் உண்டு. 1930 ஆகஸ்ட் 19 அன்று இரவு பத்து மணிக்கு இரண்டும் ஒன்றையொன்று தொட்டன.

இதைச் சொல்லி முடித்த வழிகாட்டி, தலைமைப் பொறியாளர் பிராட்ஃபீல்டின் புகழைப் பாடினார். வடிவமைப்பு என்னுடையதே என்று இங்கிலாந்துப் பொறியாளர் ரால்ஃப் ஃப்ரீமனும் உரிமை கொண்டாடியது வேறு கதை. குழு ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொள்ள, நமக்குச் சில நிமிடங்கள் ஓய்வு. அப்போது மகள் பேசினாள். காற்றில் பாதிச் சொல் போய்விடுமென்று நம் காதருகே குனிந்து பேசினாள்.

“பிராட்ஃபீல்டின் அலுவலகத்தில் கேத்லீன் பட்லர் என்று ஒருவர் இருந்தார், வாப்பா. பெயருக்குச் செயலாளர். உலகம் முழுவதிலிருந்தும் வந்த ஒப்பந்தப் புள்ளிகளின் நுணுக்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி. 1924-இல் இலண்டனில் இந்தப் பாலத்துக்கு அலுவலகம் அமைக்கப் போன குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. அப்போது வயது முப்பத்துமூன்றுக்கு மேல் இராது. பொறியாளர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேசினவர்.”

“பிறகு?” என்றோம்.

“1927-இல் கல்யாணம். வேலையை விட்டுவிட்டார். அந்தக் காலத்து வழக்கம் அதுதான்.”

அவ்வளவே. வழிகாட்டி எங்களைக் கூப்பிட்டார். தந்தையும் மகளும் அருகருகே நின்று பல்லைக் காட்டினோம், படம் எடுத்துவிட்டார். உச்சியில் குறுக்கே செல்லும் பாதையைக் கடந்து, மேற்குப் பக்க வளைவின் வழியாக இறங்கத் தொடங்கினோம். மகள் முன்னே, நாம் பின்னே. 1927-இல் வேலையை விட்டார், வளைவுகள் தொட்டுக்கொண்டது 1930-இல், திறப்பு 1932-இல். எழுத்திலிருந்தபோது இதை முழுதாகக் கண்டவர், எஃகாக எழுந்தபோது வெளியிலிருந்து பார்த்திருப்பார். இறங்கும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கணக்கே மனத்தில் ஓடியது. கீழே இரயில் ஒன்று கடந்தபோது காலடியில் பாலம் இலேசாக அதிர்ந்தது. ஏறும்போது அஞ்சியிருப்போம். இப்போது அது பொருட்டாகவே இல்லை.

மகளிடம் நாம் அன்று அந்தப் பெண்மணியைப் பற்றி மேலும் கேட்டு அறிந்தது ஒன்று உண்டு. அண்மை ஆண்டுகளில் இதே துறைமுகத்தின் அடியில் மெட்ரோ இரயிலுக்குச் சுரங்கம் குடைந்தார்கள். 2024-இல் இரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. சுரங்கம் குடைந்த இயந்திரத்துக்கு ‘கேத்லீன்’ என்று பெயர் வைத்தார்களாம். நல்லதுதான். ஆனால் இயந்திரத்துக்குப் பெயர் வைத்தவர்கள் அந்த 1927-இலும் இருந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றியது.

கூடத்துக்குத் திரும்பி வாரையும் உடையையும் ஒப்படைத்துவிட்டு, அருகிலிருந்த வானாய்வு நிலையக் குன்றுக்கு ஏறினோம். பெரிய அத்தி மரங்கள் நிழல் விரித்த புல்வெளி. லுஹருக்கு நேரமாகியிருந்தது. மகள் தன் பையிலிருந்து விரிப்பை எடுத்தாள். தொழுது முடித்து, அவள் கொண்டுவந்த சம்சாவைப் பிட்டுக்கொண்டே இருந்தபோது, பத்து நாளாகக் கேட்காததைக் கேட்டோம்.

“அந்த வீட்டாருக்கு என்னம்மா சொல்வது?”

அவள் பாலத்தைப் பார்த்தபடி இருந்தாள். “மாப்பிள்ளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வாப்பா. ஊருக்கு வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஊரிலும் பாலம் இருக்கிறது. வேலையை விடச் சொன்னால் மட்டும் எனக்குச் சம்மதமில்லை.”

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அவள் கட்டடப் பொறியியல் கேட்டபோது, ‘பெண் பிள்ளைக்குச் சிமெண்டும் கம்பியும் எதற்கு?’ என்று கேட்ட உறவினர்கள் உண்டு. அன்று அவள் பக்கம் நின்றோம். படிக்க வைப்பது ஒன்று, படித்ததைச் செய்ய விடுவது வேறொன்று என்று நம்மில் பலர் பிரித்து வைத்திருக்கிறோம். வணிகம் நடத்திய கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வரலாற்றை மீலாது மேடைதோறும் கண்ணீர் மல்கப் பேசிவிட்டு, மருமகளைத் தேடும்போது வேறு தராசைக் கையில் எடுக்கிறோம். பெண் வீட்டிலிருக்க விரும்பினால் அது அவள் உரிமை. அதை நிபந்தனையாக எழுதிக் கையெழுத்து வாங்குவது எவ்வாறு பொருந்தும் என்பதை ஆலிம்கள் நமக்கு விளக்கட்டும்.

அன்றிரவு ஊரில் மாலை நேரம் ஆகும்வரை காத்திருந்து, மாப்பிள்ளையின் தந்தையோடு தொலைபேசியில் பேசினோம். சலாமுக்கும் நலம் விசாரிப்புக்கும் பின்னர், மகள் சொன்னதை மகள் சொன்ன முறையிலேயே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னோம். நம் கருத்தும் அதுவே என்று சேர்த்துச் சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் ஒலியில்லை. பின்னர் அவர், “மகனிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன், ஹாஜியார்” என்றார். கோபமில்லாத குரல். முன்பே சொன்னோமே, நல்ல மனிதர்கள்.

துணைவியார் அன்று நம்மோடு பேசவில்லை. மறுநாள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “பேசவேண்டியதைப் பேசிவிட்டு வாருங்கள் என்றுதானே அனுப்பினேன்? வந்த சம்பந்தத்தைப் பாலத்து மேலிருந்து தள்ளிவிட்டு வாருங்கள் என்றா சொன்னேன்?” என்று கேட்டார். உச்சியில் எடுத்த படத்தை அவரிடம் நீட்டினோம். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மகள் அந்தப் படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறாள். பத்து நாளில் வீட்டுக்குள் நாங்கள் காணாத சிரிப்பு அது. படத்தைத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டு, முழங்காலைத் தேய்த்தபடி, ஏணி எத்தனை, படி எத்தனை என்று விசாரிக்கத் தொடங்கினார்.

ஊரிலிருந்து பதில் வருவதற்குள் நாங்கள் திரும்பும் நாள் வந்துவிட்டது.